பி-சீரிஸ் எஞ்சினில் எக்ஸாஸ்ட் ஃபிளாஞ்ச் கசிவு: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

பழைய அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களான எம்.ஜி.ஏ.வின் எஞ்சின், எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. எல்லாம் பி.எம்.சி.யின் (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் குடும்பம். எக்ஸாஸ்ட் குழாய்களை ஹெட்டோடு இணைக்கும் தடித்த தகடான ஃபிளாஞ்ச் கசிவதில் இவை படுத்தும் பாடும் ஏறத்தாழ ஒன்றுதான். அம்பாசடரில் 1990களில் வந்த இசுசு 1800 எஞ்சின் வேறு சாதி. இங்கே சொல்வது அதற்குப் பொருந்தாது.

ஹெட்டின் ஒரே பக்கத்தில் வரிசையாக ஐந்து வாய்கள் இருக்கும். இரண்டு ஓரத்திலும் 1, 4 சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட். நட்டநடுவில் 2, 3 இரண்டுக்கும் பொதுவான எக்ஸாஸ்ட். இவற்றுக்கு இடையில் இரண்டு இன்லெட். இன்லெட் மேனிஃபோல்டையும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும் பிடிப்பது பெரும்பாலும் ஒரே ஸ்டட் (ஹெட்டில் திருகி நிற்கும் தலையில்லாத போல்ட்), ஒரே தடித்த வாஷர். வாஷரின் பாதி இன்லெட் காதில், அதாவது நட்டு பிடிக்கும் நீட்டலில் உட்காரும், மறுபாதி எக்ஸாஸ்ட் காதில். பட்டறையில் புது ஹெட்டர் (குழாய்களை வெல்டு செய்து உருவாக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட்) செய்து மாட்டும்போது வரும் தொல்லைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு வாஷரில்தான் தொடங்குகிறது. இடையில் வைக்கும் பேக்கிங்கை (கேஸ்கெட்) மூன்று தடவை மாற்றியும் நிற்காத கசிவு, நான்காவது பேக்கிங்கில் நிற்கப்போவதில்லை.

முதலில்: கசிவு எங்கே என்று உறுதி செய்வது

எஞ்சின் நன்றாக ஆறியிருக்கட்டும். வாக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்து ஹோஸை சைலன்சர் வால் குழாயில் துணி சுற்றிச் செருகி ஓடவிடுங்கள். ஃபிளாஞ்ச் ஓரமெங்கும் சோப்புத் தண்ணீர் தெளித்தால் கசிகிற இடம் நுரைக்கும். எஞ்சின் ஓடாததால் கை சுடும் பயமும் இல்லை.

எந்தப் போர்ட் என்று தெரியவில்லையா? எஞ்சினை ஓடவிட்டு, காப்பிட்ட இடுக்கியால் ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றி, முனையை உடனே பாடியில் எர்த் ஆகும்படி வையுங்கள். எந்த சிலிண்டரை நிறுத்தும்போது ‘டிக் டிக்’ அடங்குகிறதோ, அதன் வாய்தான் கசிகிறது. 2ஐ நிறுத்தினால் சத்தம் பாதியாகி, 3ஐ நிறுத்தினாலும் பாதியானால் நடு வாய். நான்கில் எதை நிறுத்தியும் சத்தம் மாறவில்லையென்றால் அது வால்வைத் தள்ளும் டேப்பெட்டாக இருக்கலாம்; ஃபிளாஞ்சைக் கழற்றும் முன் டேப்பெட் இடைவெளியைப் பாருங்கள்.

குளிரில் டிக் டிக், சூடானதும் சத்தம் நின்றுவிடுகிறது

இடைவெளி சிறியது, உலோகம் விரிந்ததும் மூடிக்கொள்கிறது. இப்போதைக்குத் தொல்லையில்லை என்று விட்டுவிடத் தோன்றும். ஒவ்வொரு குளிர் ஸ்டார்ட்டிலும் சூடான வாயு அந்த இடுக்கில் பேக்கிங்கை அரித்துக்கொண்டே இருக்கும். சில மாதத்தில் சூட்டிலும் சத்தம் நிற்காது.

ஃபிளாஞ்சைக் கழற்றி, கண்ணாடித் தகடு அல்லது சர்ஃபேஸ் பிளேட் மீது குப்புற வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய எஃகு இலைகள்) நுழைத்துப் பாருங்கள். முழு நீளத்திலும் 0.15 மி.மீ. இலை நுழையாவிட்டால் ஃபிளாஞ்ச் நல்லது. பேக்கிங் அதைச் சமாளித்துக்கொள்ளும். 0.3 நுழைந்தால் ஃபேஸிங், அதாவது முகத்தை இழைத்துத் தட்டையாக்குவது, தேவை. ஹெட் ஃபேஸிங் செய்யும் கடையிலேயே இதையும் போட்டுத் தருவார்கள். ஹெட்டின் முகத்தையும் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்துப் பார்க்க மறக்காதீர்கள். பழைய ஹெட்டில் நடு எக்ஸாஸ்ட் வாயைச் சுற்றி அரிப்புக் குழி இருப்பது சகஜம். அதை ஃபிளாஞ்சை இழைத்துத் தீர்க்க முடியாது.

பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து பேக்கிங்கில் அஸ்பெஸ்டாஸ் இருந்தது. நன்றாக நனைத்து, கையால் ஸ்க்ரேப்பர் போட்டு எடுங்கள். உலர்ந்த நிலையில் வயர் பிரஷ் வீலைக் காட்டி அந்தத் தூளைப் பறக்கவிடாதீர்கள்.

புது பேக்கிங் எப்போதும் அதே இடத்தில் எரிகிறது; ஐடிலும் நிற்கவில்லை

இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒருசேரக் கெடுவது பி-சீரிஸின் தனி அடையாளம். எக்ஸாஸ்ட் பக்கம் கரி படிந்த கோடு, இன்லெட் பக்கம் காற்று உள்ளே இழுத்து ஐடில் ஏறி இறங்குவது, கார்புரேட்டரை எத்தனை முறை டியூன் செய்தாலும் கைக்கு அடங்காதது. இங்கே கார்புரேட்டர் மீது பழி போட்டுப் பல நூறு ரூபாய் ஜெட்டுகள் வீணாகின்றன.

காரணம் தடிமன். இன்லெட் காது 10 மி.மீ., புது ஹெட்டரின் காது 10.4 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நட்டை இறுக்கினால் வாஷர் உயர்ந்த பக்கத்தில் உட்கார்ந்து தராசு போலச் சாயும். தாழ்ந்த பக்கத்துக்கு வாஷரின் விளிம்பு மட்டுமே தொடும், இறுக்கம் போகாது. இன்னும் இறுக்கினால் சாய்ந்த வாஷர் ஸ்டட்டை வளைக்கத்தான் செய்யும்.

அளப்பது இப்படி. பேக்கிங்கோடு இரண்டு மேனிஃபோல்டையும் மாட்டி, பகிர்ந்த வாஷர் இல்லாத மற்ற நட்டுகள் இருந்தால் அவற்றைக் கைப்பிடிக்கு இறுக்குங்கள். இல்லையென்றால் ஒருவர் அழுத்திப் பிடிக்கட்டும். பகிர்ந்த வாஷர் உட்காரும் இடத்தில், ஸ்டட்டை ஒட்டி, இரண்டு காதுகளுக்கும் குறுக்காக ஒரு சின்ன எஃகு ஸ்கேலை நிமிர்த்தி வையுங்கள். தாழ்ந்த காதுக்கும் ஸ்கேலுக்கும் இடையில் எந்த ஃபீலர் இலை நுழைகிறது என்று ஒவ்வொரு ஸ்டட்டிலும் எழுதிக்கொள்ளுங்கள். வெர்னியரால் தனித்தனியே அளப்பதைவிட இது மேல். கோணல், பேக்கிங் தடிமன் எல்லாம் சேர்ந்து வரும் உண்மையான வித்தியாசத்தைக் காட்டும். 0.1 வரை விட்டுவிடலாம். 0.25ஐத் தாண்டினால் கசிவு வந்தே தீரும்.

எக்ஸாஸ்ட் காது உயர்ந்திருந்தால் வேலை எளிது: வாஷர் உட்காரும் வட்டத்தை மட்டும் மில்லிங்கில் எடுத்துவிடலாம், ஃபிளாஞ்ச் முழுவதையும் தொட வேண்டாம். இன்லெட் உயர்ந்திருந்தால் அலுமினியக் காதை இழைக்க மனம் வராது. அப்போது படி வைத்த வாஷர் செய்துகொள்ளுங்கள். நல்ல தடித்த வாஷரை எடுத்து, இன்லெட் மீது உட்காரும் அரைவட்டத்தில் மட்டும் அந்த வித்தியாசத்தின் அளவு உலோகத்தை மில்லிங்கில் எடுத்தால் போதும். ஒவ்வொரு வாஷருக்கும் ஸ்டட் எண்ணையும் மேல் பக்கத்தையும் சென்டர் பஞ்ச் கொண்டு குறித்து வையுங்கள். திரும்பிப்போனால் முன்பிருந்ததைவிட மோசமாகும். தாழ்ந்த பக்கம் தகரத் துண்டைச் செருகிச் சரிக்கட்டுவதைச் சில பட்டறைகளில் பார்க்கலாம். அதிர்வில் அது நகர்ந்து விழுந்துவிடும்.

ஒற்றை கார்புரேட்டர் அமைப்பில் இன்லெட்டின் அடி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டோடு போல்ட் போட்டு இணைந்திருந்தால், அந்த இணைப்பைத் தளர்வாக விட்டுத்தான் ஹெட்டில் மாட்ட வேண்டும். ஹெட் நட்டுகளை இறுக்கியபின் அதை இறுக்குங்கள். முதலிலேயே இறுக்கினால் இரண்டும் ஒரே முகத்தில் உட்காராது.

இறுக்கம் 15 பவுண்டு அடி, அதாவது சுமார் 20 நியூட்டன் மீட்டர். நடுவில் தொடங்கி இரு ஓரத்துக்கும் மாறி மாறி, 8, 14, 20 என்று மூன்று சுற்று. ஒரு தடவை நன்றாகச் சூடாக்கி முழுக்க ஆறவிட்டு மறுபடி பாருங்கள். பேக்கிங்கின் ஒரு பக்கம் மட்டும் உலோகத் தகடு இருந்தால் அந்தப் பக்கம் மேனிஃபோல்டைப் பார்க்கட்டும். விரிந்து சுருங்கும்போது வழுக்குவது மேனிஃபோல்ட்தான், ஹெட் அல்ல. சிலிக்கான் பேஸ்ட்டைத் தடவிக் கசிவை மூடலாம் என்று நினைக்க வேண்டாம். சிவப்பு ரகம்கூட ஏறக்குறைய 300 டிகிரியோடு கைவிட்டுவிடும்.

புது ஃபிளாஞ்ச் ஸ்டட்டில் ஏறவில்லை, அல்லது தட்டித்தான் ஏறியது

தட்டி ஏற்றிய ஃபிளாஞ்ச் சூட்டில் விரிய இடமின்றி வளையும், அல்லது ஓர ஸ்டட்டை வெட்டும். கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஓரத்திலிருந்து ஓரம் 300 மி.மீ. என்று வைத்தால், 20 டிகிரியிலிருந்து 300க்குச் சூடாகும் எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ஃபிளாஞ்ச் சுமார் 1 மி.மீ. நீளும். 100 டிகிரியில் இருக்கும் வார்ப்பிரும்பு ஹெட் கால் மி.மீ. மட்டுமே நீளும். மீதி முக்கால் மி.மீ.க்குத் துளையில் இடம் வேண்டும். எஸ்.எஸ். 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்றால் அந்த மீதி 1.2 மி.மீ. வரை போகும். அதனால்தான் எஸ்.எஸ். ஃபிளாஞ்ச் பளபளப்பாக இருந்தாலும் நீளமான ஒற்றைத் துண்டாகச் செய்வதை நாங்கள் ஆதரிப்பதில்லை.

5/16 ஸ்டட்டின் விட்டம் 7.94 மி.மீ. நடுத் துளைகள் 8.5, ஓரத் துளைகள் நீளவாக்கில் 9.5 வரை நீட்டிய நீள்துளை. இப்படி வைத்தால் நடு பிடித்துக்கொள்ளும், ஓரம் வழுக்கும்.

அளவு எடுக்கும்போது பேக்கிங்கை அச்சாக வைத்து வரைவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. பேக்கிங்கின் துளைகள் வேண்டுமென்றே பெரிதாக வெட்டப்பட்டவை, வாயும் பெரிது. ஹெட்டிலிருந்தே எடுங்கள். ஸ்டட்டுகளைக் கழற்றி, அதே மரையில் கூர்முனை கொண்ட கிரப் ஸ்க்ரூக்களைத் திருகி, முனை ஒரு மி.மீ. மட்டும் வெளியே தெரியும்படி விடுங்கள். மேலே தடித்த அட்டையையோ மெல்லிய அலுமினியத் தகட்டையோ வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டினால் துளை மையங்கள் புள்ளியாகப் பதியும். போர்ட் வாய்களுக்கு, ஹெட் முகத்தில் சாக்பீஸ் பொடி தடவி அதே தகட்டில் ஒற்றி எடுக்கலாம். தகட்டை ஸ்கேனரில் போடும்போது பக்கத்தில் ஒரு எஃகு ஸ்கேலை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ஒருமுறை வைத்து ஸ்கேன் செய்யுங்கள். சில ஸ்கேனர்கள் ஒரு திசையில் 0.5 சதவீதம் நீட்டிவிடும், 300 மி.மீ.யில் அது ஒன்றரை மி.மீ. பிழை, ஃபிளாஞ்ச் குப்பைக்குத்தான் போகும்.

டி.எக்ஸ்.எஃப். (வெட்டும் இயந்திரத்துக்கான கணினி வரைபடக் கோப்பு) வரைந்ததும் வெட்டுக்குக் கொடுக்கும் முன், அதே அளவில் காகிதத்தில் அச்சடித்து ஹெட்டில் வைத்துப் பாருங்கள். பத்து ரூபாய்க் காகிதம்; இதைத் தவிர்த்தவர்கள்தான் இரண்டாவது தகட்டுக்கும் பணம் கொடுக்கிறார்கள். போர்ட் வாயை ஹெட்டின் வாயைவிடச் சுற்றிலும் அரை மி.மீ. பெரிதாக வையுங்கள். சிறியதானால் வெளிவரும் வாயுவின் முகத்தில் படிக்கட்டு வைத்ததுபோல் ஆகிவிடும்.

வெட்டுவது, வாங்குவது

எம்.எஸ். தகடு, ஐ.எஸ். 2062 ரகம், 10 மி.மீ. முதலில் உங்கள் இன்லெட் காதின் தடிமனை அளந்து அதற்குப் பொருத்தமாகத் தீர்மானியுங்கள். இன்லெட் 10ஐத் தாண்டினால் 12 மி.மீ. தகடு வாங்கிக் காது பகுதியை மட்டும் இழைத்து இறக்கலாம். வெல்டிங்குக்குப் பிறகு முகத்தில் அரை மி.மீ. எடுக்க வேண்டிவரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 6 மி.மீ. தகட்டில் செய்தது வெல்டிங்கிலேயே வளையும். 450க்கு 90 மி.மீ. அளவில் 10 மி.மீ. தகடு சுமார் 3.2 கிலோ, எடை போட்டு விற்கும் கடையில் இந்தக் கணக்கு உதவும்.

வெட்டு லேசரிலோ வாட்டர்ஜெட்டிலோ இருக்கட்டும். லேசரில் கூட 10 மி.மீ. தகட்டில் 8.5 துளையை நேராக வெட்டச் சொல்ல வேண்டாம். தடிமனைவிடச் சிறிய துளையில் ஓரம் சரிந்து, கசடு உருகி ஒட்டும். 4 மி.மீ. குறித்துளை மட்டும் போடச் சொல்லி, டிரில்லில் பெரிதாக்குங்கள். பிளாஸ்மா வெட்டு சரிவாக வரும், ஓரம் கடினமாகி டிரில் பிட்டைத் தின்னும். கேஸ் கட்டிங் இந்த வேலைக்கே வேண்டாம்.

ரெடிமேடாக வேண்டுமென்றால், எம்.ஜி.பி.க்கான ஹெட்டர்களும் ஃபிளாஞ்ச்களும் பிரிட்டனில் இன்றும் தயாராகின்றன. ஆனால் அவற்றிலும் காது தடிமன் ஒருவர் பொருளுக்கு ஒருவர் மாறும் என்பதால், வாங்கும் முன் தடிமனைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இங்கே என்றால் சென்னை புதுப்பேட்டையில் அம்பாசடரின் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டுகள் கிடைக்கும். எடுத்துப் பார்க்கும்போது முகத்தில் நீளமான விரிசல் கோடு, நடு வாயின் மூலையில் வெடிப்பு, முறிந்த காது மூன்றையும் தேடுங்கள். துரு ஒரு குறையல்ல. சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல வார்ப்பு மணிபோல ஒலிக்கும். வெடித்தது ‘தொக்’ என்று அடைத்துக்கொள்ளும்.

வெல்டிங் முடிந்ததும் ஃபிளாஞ்ச் வாழைப்பழம் போல வளைந்துவிட்டது

வெல்டிங் ஆறும்போது சுருங்கி, குழாய் இருக்கும் பக்கமாக ஃபிளாஞ்சின் இரு முனையையும் இழுக்கும். நடுப்பகுதி ஹெட்டைத் தொடும், ஓர வாய்கள் தூக்கி நிற்கும். இதைப் போல்ட்டால் நேராக்க முயன்றால் ஸ்டட் முறியும்.

மறுபடி செய்வதென்றால் 20 மி.மீ. தடித்த தகட்டில் அதே துளைகளைப் போட்டு டம்மி பிளேட் செய்து, ஃபிளாஞ்சை அதில் இறுக்கிவிட்டு வெல்டு செய்யுங்கள். உபயோகமற்ற பழைய ஹெட் கிடைத்தால் இன்னும் நல்லது. நல்ல ஹெட்டை இதற்கு ஜிக் ஆக்காதீர்கள். ஒவ்வொரு குழாயிலும் நான்கு டேக் (பிடித்து வைக்கும் சிறு புள்ளி வெல்டு), பிறகு 20 மி.மீ. நீளத் துண்டுகளாக, 1இல் ஒன்று, 4இல் ஒன்று, நடுவில் ஒன்று என்று மாற்றி மாற்றி. ஒரே குழாயை ஒரே மூச்சில் சுற்றி முடிப்பதுதான் வளைவுக்குத் தாய். முடிந்தபின் கை வைக்கும் சூடு வரும்வரை தகட்டிலிருந்து கழற்றக் கூடாது. தண்ணீர் ஊற்றி ஆற்றவும் கூடாது. அதன்பின் கழற்றி ஃபேஸிங். குழாய் கேல்வனைஸ்டு என்றால் தொடவே வேண்டாம், துத்தநாகப் புகை காய்ச்சலில் கிடத்தும்.

வளைந்ததை இப்போது காப்பாற்ற வேண்டுமா? முனைகள் 1 மி.மீ.க்கு மேல் தூக்கியிருந்தால் முழுவதும் இழைக்காதீர்கள், நடுப்பகுதி மெலிந்துவிடும். வாய்களுக்கு இடையே உள்ள இணைப்புப் பட்டையை ஹேக்சாவால் அறுத்து மூன்று தனித்தனி ஃபிளாஞ்ச்களாக்கிவிடுங்கள். குழாய்களே அவற்றை இணைத்துப் பிடிக்கும். ஒவ்வொன்றும் தன் வாயில் தட்டையாக உட்காரும். விரிவுப் பிரச்சினையும் இதோடு பெருமளவு தீரும். உண்மையில், முதலிலிருந்தே பட்டையோடு வெல்டு செய்து முடிவில் அறுப்பதுதான் எங்கள் விருப்பம். அறுத்தபின் லேசாக ஒரு ஃபேஸிங் போதும்.

ஸ்டட் முறிகிறது, நட்டு தளர்கிறது, மரை தின்கிறது

கடையில் 5/16 அங்குல ஸ்டட் கேட்டால் மெட்ரிக் அளவான எம்8 கொடுப்பார்கள். விட்டம் ஏறக்குறைய ஒன்று என்பதால் இரண்டு சுற்று நன்றாகவே ஏறும், பிறகு இறுகும். ஹெட் பக்கத்து மரை யூ.என்.சி. (அங்குல அளவின் கரடு மரை), அங்குலத்துக்கு 18. எம்8 சாதா மரை 1.25 மி.மீ., அதாவது அங்குலத்துக்கு ஏறத்தாழ 20. ஸ்பேனர் போட்டு முறுக்கினால் வார்ப்பிரும்பு மரை தூளாகி வெளியே வரும். ஸ்டட்டின் வெளி முனை, நட்டு ஏறும் பக்கம், யூ.என்.எஃப். (நுண் மரை), அங்குலத்துக்கு 24. இரு முனையும் வேறு என்பதைப் புரியாமல் ஒரே டையில் மரை போட்ட ஸ்டட்டுகளைக் கடைகளில் காணலாம். ஹெட்டில் போடும் முன் மரை கேஜை வைத்துப் பாருங்கள்.

நட்டு பித்தளையில் நீளமானதாக இருக்கட்டும். எஃகு ஸ்டட்டில் துருப்பிடித்து ஒட்டாது, அடுத்த தடவை கழற்றும்போது ஸ்டட்டும் கூடவே வராது. மரையில் செம்பு அல்லது நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் பேஸ்ட் போடுங்கள். பேஸ்ட் போட்டால் அதே டார்க்குக்கு இறுக்கம் கூடும் என்பதால் 20க்குப் பதில் 17, 18இல் நிறுத்துங்கள்.

முறிந்த ஸ்டட்டை எடுக்க, மீந்த துண்டின்மேல் ஒரு நட்டை வைத்து, அதன் துளை வழியே மிக் வெல்டு போட்டு நிரப்புங்கள். சிவந்த சூடு மங்கியதும் முன்னும் பின்னும் கால் சுற்று ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும். டிரில் போட நேர்ந்தால் ஆழத்துக்கு பிட்டில் டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். அளவு மீறினால் வாட்டர் ஜாக்கெட்டுக்குள் போய்விடும். புது 5/16 யூ.என்.சி. மரைக்கு டிரில் 6.6 மி.மீ.

ஆக்ஸிலரேட்டரை விட்டதும் பட் பட் என்று வெடிக்கிறது

கால் எடுத்ததும் குழாயில் அழுத்தம் அலைபாயும். கசிவு வழியே வெளிக்காற்று உள்ளே போய், எரியாத பெட்ரோல் ஆவியோடு சேர்ந்து சைலன்சருக்குள் பற்றும். ஹெட் ஃபிளாஞ்ச் இறுக்கமாக இருந்தும் இது நீடித்தால், கீழே டவுன்பைப் சேரும் ஜாயின்டைப் பாருங்கள். மேலே பார்த்துப் பார்த்து அலுத்தவர்கள் கீழே பார்ப்பதில்லை.

குழாய் ஃபிளாஞ்சோடு சேரும் கழுத்தில் விரிசல்

வெல்டு போட்டால் அடுத்த மாதம் பக்கத்தில் ஒரு மி.மீ. தள்ளி மறுபடி வெடிக்கும். வெல்டின் குறையல்ல. எஞ்சின் ரப்பர் மவுண்டில் ஆடுகிறது, சைலன்சரோ சேஸிஸில் விறைப்பாகக் கட்டப்பட்டிருக்கிறது; நடுவில் மாட்டிய கழுத்து இரண்டு ஆட்டத்தையும் தாங்குகிறது. எஞ்சின் மவுண்ட் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒருவர் கிளட்சை அரைகுறையாக விட்டு, ஹேண்ட்பிரேக்கோடு எஞ்சினை இழுக்க வைக்க, இன்னொருவர் பக்கத்தில் நின்று எஞ்சின் எவ்வளவு சாய்கிறது என்று கவனித்தால் போதும். காருக்கு முன்னால் யாரும் நிற்க வேண்டாம். பிறகு டவுன்பைப்பை கியர்பாக்ஸ் பக்கமாக ஒரு பிராக்கெட்டில் பிடித்து, குழாய் எஞ்சினோடு சேர்ந்தே ஆடும்படி செய்யுங்கள். அதற்குப் பின்னால் வரும் தொங்கல்கள் எல்லாம் ரப்பரில் இருக்கட்டும். கடைசியாக ஃபிளாஞ்சை இறுக்கும்போது, பின்னால் உள்ள கிளாம்புகள் அத்தனையையும் தளர்த்தி விட்டு, ஹெட்டிலிருந்து வால் நோக்கி ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டு போங்கள்.